பதினான்காம் பாடத்தின் முப்பத்தேழு திருத்தங்கள்

அண்ணன் போன் செய்தால் அவள் எடுப்பதில்லை. மணி அடித்து ஓய்ந்த பிறகு, ‘வேலையா இருக்கேன் அண்ணா, அப்புறம் பேசறேன்’ என்று எழுதி அனுப்புவாள். அந்த ‘அப்புறம்’ பதினோரு மாதமாக வந்தபாடில்லை. ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிற மனிதர் அவர். முதலில் கவலைப்பட்டார், பிறகு கோபப்பட்டார், கடைசியில் அண்ணி சொன்னதை நம்பிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். அண்ணி சொன்னது ஒரே வார்த்தைதான்: தலைக்கனம்.

கனம் இருந்தது தலையில் அல்ல, தொண்டையில். நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. எடுத்துவிட்டார்கள். பயப்படுகிற மாதிரி கட்டி இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் எடுக்கும்போது குரலுக்குப் போகிற நரம்பு ஒன்று இழுபட்டுவிட்டது. ‘ஆறு மாசத்துல வந்துடும்’ என்றார் டாக்டர். ஆறு மாதம் கழித்துப் போனபோது, ‘சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும்’ என்றார். அவருக்கென்ன, காலண்டரில் தாளா இல்லை?

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால், ‘குரல் கொஞ்சம் கம்மிப்போச்சு’ என்று சொல்லிவிட்டுத் தன் பிழைப்பைப் பார்த்திருப்பார்கள். இவளுக்குப் பிழைப்பே குரல்தான். ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிற ஆப் ஒன்றில் முதல் பாகம் அறுபது பாடமும் பேசியவள் இவள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாராவது ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்து ஆங்கிலம் பழகினால், அவர்கள் காதுக்குள் பேசுவது தான்தான் என்று இவளுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அந்தச் சுகத்தை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. மிஷின் குரல் கிடையாது, முழுக்க முழுக்க மனிதக் குரல் என்பதுதான் அந்தக் கம்பெனியின் விளம்பரமே.

கணீரென்று இருந்த அந்தக் குரல் போய், இப்போது வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. தணிந்த, கரகரத்த குரல். ஒற்றை வார்த்தை என்றால் சமாளித்துவிடும். நீளமான வாக்கியமாக இருந்தால் நடுவில் சட்டென்று உடைந்து வெறும் காற்றாக வரும்.

இரண்டாம் பாகம் இன்னும் அறுபது பாடம். அதுவும் அவளுக்கே என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள், கையெழுத்துதான் பாக்கி. குரல் போன சங்கதி தெரிந்தால் கம்பெனி வேறு ஆளைப் பார்க்கும். அதனால் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அண்ணனிடம் சொன்னால் அண்ணிக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும் என்று தனக்குத் தானே ஒரு நியாயம் வைத்திருந்தாள். அது பாதி நியாயம். மீதிப் பாதி என்னவென்றால், அந்தப் புதுக் குரலைத் தன் குரல் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டில் அதைக் கேட்கிற ஒரே ஆள் புருஷன். அண்ணனிடம் மூச்சு விடக்கூடாது என்று அவரிடம் சத்தியமே வாங்கியிருந்தாள். லிப்ட் மெக்கானிக். ‘நல்லாத்தான் இருக்கு’ என்பார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். ஒருநாள் மட்டும் சாப்பிடும்போது, ‘சத்தம் மாறிச்சுன்னா பேரிங் போயிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் எண்ணெய் போட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல’ என்றார். அவர் சொன்னது ஏதோ ஒரு ஏழு மாடிக் கட்டடத்து லிப்டைப் பற்றி. அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டாள். ‘நான் லிப்டைச் சொன்னேன்மா’ என்று அவர் நான்கு தடவை விளக்கம் கொடுத்தார். விளக்க விளக்க நிலைமை இன்னும் மோசமானது.

தினமும் காலையில் டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றி, அதில் ஸ்ட்ராவை விட்டு, குமிழி வரும்படி ‘ஊ’ என்று ஊத வேண்டும். குரல் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்ணின் உத்தரவு அது. நாற்பத்தாறு வயதில், அடுப்படியில் நின்றுகொண்டு தண்ணீரில் குமிழி விட்டுக்கொண்டிருந்தபோதுதான் கத்திரியிடமிருந்து செய்தி வந்தது.

கத்திரி என்பவன் ஸ்டுடியோக்காரன். அந்த ஒற்றை அறை ஸ்டுடியோவுக்கு முதலாளி, சவுண்ட் எஞ்சினியர், பெருக்கித் துடைக்கிற ஆள் எல்லாம் அவனே. ஒலியை வெட்டி ஒட்டுவதில் மகா கெட்டிக்காரன் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எழுதியிருந்தான்: ‘அக்கா, பதினாலாம் பாடத்துல திருத்தம். முப்பத்தேழு இடம். புதன்கிழமை வாங்க. வெள்ளிக்கிழமை கம்பெனி அம்மா நேர்ல வந்து கேக்கறாங்க. கையோட ரெண்டாம் பாகத்துக்குக் கையெழுத்து.’

பதினான்காம் பாடம் கம்ப்யூட்டரைப் பற்றியது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த யானைக்கு ஒரே பாடத்தில் முப்பத்தேழு தடவை சறுக்கியிருந்தது. ஃபைல் இருப்பது, படம் பார்ப்பது, கடிதம் எழுதுவது, காலை முழுக்க வேலை செய்வது, எல்லாவற்றுக்கும் ‘இன் த கம்ப்யூட்டர்’ என்று எழுதித் தள்ளிவிட்டார். ஆங்கிலக்காரனுக்கு இதெல்லாம் ‘ஆன் த கம்ப்யூட்டர்’. ‘இன்’ என்று சொன்னால் பெட்டியைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டதாக அர்த்தம். நமக்கு இந்தத் தொல்லை கிடையாது. ‘கம்ப்யூட்டர்ல’ என்றால் தீர்ந்தது. உள்ளே, மேலே, எதிரே எல்லாரும் அந்த ஒரு ‘ல’வுக்குள் சண்டை சச்சரவில்லாமல் குடித்தனம் நடத்துகிறார்கள். வாத்தியார் அந்த ‘ல’வைத்தான் கையைப் பிடித்து ஆங்கிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்.

யாரும் கவனிக்கவில்லை. முப்பத்தேழு தடவை வாய்விட்டுப் படித்த அவளே கவனிக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து, ஆப்பில் படித்த ஒரு பெண் கம்பெனிக்குக் கடிதம் எழுதினாள். புது வேலையில் சேர்ந்த வாரம், ‘காலையிலிருந்து எங்கே போனாய்’ என்று மேலதிகாரி கேட்டாராம். ‘ஐ வாஸ் இன் த கம்ப்யூட்டர்’ என்றாளாம். அன்றிலிருந்து அந்த ஆபீசில் அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாரும், ‘வெளிய வந்துட்டீங்களா?’ என்று கேட்கிறார்களாம். ‘உங்கள் பாடத்தைத்தான் நான் மனப்பாடம் செய்தேன்’ என்று முடித்திருந்தாள். கம்பெனிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பாடத்தில் மொத்தம் முப்பத்தெட்டு இடம். கடைசியில் ஒரு ரிப்பேர்க்காரர் பெட்டியைத் திறந்து, உள்ளே தூசி இருக்கிறது என்கிறார். அந்த ஒரு ‘இன்’ மட்டும் சரி. தூசி நிஜமாகவே உள்ளேதான் இருந்தது.

ஆக, முப்பத்தேழு ‘ஆன்’. மூன்று வருஷத்துக்கு முந்தைய கணீர் வாக்கியத்துக்கு நடுவில் இப்போதைய கரகர ‘ஆன்’ ஒன்றை வைத்தால், வெள்ளைச் சட்டையில் கறுப்புப் பட்டன் தைத்தது போல் பளிச்சென்று தெரியும். ஒன்றிரண்டல்ல, முப்பத்தேழு பட்டன். அவளுக்கு இரண்டு இரவு தூக்கம் இல்லை. கடைசியில், உலகத்தில் எல்லாரும் கண்டுபிடிக்கிற அதே பொய்யைத்தான் அவளும் கண்டுபிடித்தாள். புதன்கிழமை கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

ஸ்டுடியோ ஒரு போட்டோ பிரேம் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சுவர் நெடுகப் பழைய கம்பளம் அடித்திருக்கும். பேசும்போது மின்விசிறி சத்தம் விழக்கூடாது என்று அதை நிறுத்திவிடுவான். கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே பேசுகிறவளும் வேர்ப்பாள், வெளியே கேட்கிறவனும் வேர்ப்பான்.

“என்னக்கா, மப்ளர்?”

“சளி.”

ஒற்றை வார்த்தை உடையாது என்பதை அவள் யோசித்துத்தான் வைத்திருந்தாள். உள்ளே போய் மைக் முன்னால் உட்கார்ந்தாள். கத்திரி மின்விசிறியை அணைத்தான்.

“லெவல் குடுங்கக்கா.”

வேலை தொடங்குமுன் குரலின் அளவு பார்ப்பதற்காக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஏழு வருஷமாக அவள் சொல்வது ஒரே வாக்கியம்தான். “குட் மார்னிங். வெல்கம் டு லெசன் ஒன்.” ‘வெல்கம்’ வரைக்கும் ஒழுங்காக வந்தது. ‘லெசன்’ உடைந்து காற்றாகப் போயிற்று.

கத்திரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் மாறவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லவும் இல்லை.

“போதும்க்கா. வெளிய வாங்க.”

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? அவள் எழுந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் மின்விசிறியைப் போட்டான்.

“சளி எத்தனை மாசமா?” என்று கேட்டான்.

அவள் மப்ளரை இழுத்துச் சரிசெய்தாள்.

“ஏழு வருஷமா காலங்காத்தால போன் பண்ணி என் காது கிழியக் கத்தின ஆளு நீங்க. திடீர்னு எல்லாத்தையும் எழுதி அனுப்ப ஆரம்பிச்சா எனக்குத் தோணாதா? நான் காதை வெச்சுப் பொழைக்கிறவன்க்கா.”

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும். கட்டி, ஆபரேஷன், நரம்பு, ஸ்ட்ரா, டம்ளர், எல்லாவற்றையும் சொன்னாள். நடுநடுவே குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் நின்று மூச்சை வாங்கிக்கொண்டு மறுபடி தொடர்ந்தாள். கத்திரி அவசரப்படுத்தவில்லை. அவள் முடித்ததும் திரும்பி ஒரு பட்டனைத் தட்டினான்.

ஸ்பீக்கரில் அவள் பேசினாள். பழைய அவள். “மை ஃபைல் இஸ் ஆன் த கம்ப்யூட்டர்.” கணீரென்று, ஒரு பிசிறு இல்லாமல். அடுத்த வாக்கியம். அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் ‘ஆன்’.

“இதை நான் எப்போ பேசினேன்?”

“நீங்க பேசல. நான் பேச வெச்சேன்.” அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. “மூணாம் பாடத்துல ‘ஆன் த கார்பெட்’னு ஒண்ணு இருக்கு. ஏழுல ‘ஆன் த கவுன்டர்’. இருபத்திரண்டுல ‘ஆன் த காலண்டர்’. பின்னாடி ‘க’ சத்தம் வர்ற இடமாப் பாத்துப் பிச்சு எடுத்தேன். அப்பதான் கம்ப்யூட்டரோட சேந்து ஒட்டும். ‘ஆன் த டேபிள்’லாம் ஒட்டாது, நாக்கு வேற பக்கம் போயிடும். நீங்க தும்மினதுகூட எங்கிட்ட இருக்குக்கா. நான் எதையும் அழிக்கிறதில்ல.”

முதலில் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முப்பத்தேழும் முடிந்துவிட்டது, ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நிம்மதி ஏழெட்டு வாக்கியம் வரைக்கும்தான் இருந்தது. ஸ்பீக்கரில் இருந்தவள் களைக்காமல், மூச்சு வாங்காமல், தப்பே செய்யாமல் பேசிக்கொண்டே போனாள். இவள் அதைக் கேட்டுக்கொண்டு மப்ளரோடு உட்கார்ந்திருந்தாள். சக்களத்தியைப் பார்த்தால் வருகிற எரிச்சல் வந்தது.

“அப்போ என்னை எதுக்குக் கூப்பிட்டே?”

“ஒரு வரி மிச்சம்.”

வாத்தியார் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார். பாடத்தின் முடிவில், படிக்கிறவர்கள் மறக்காமல் இருக்க: ‘யுவர் ஃபைல் இஸ் ஆன் த கம்ப்யூட்டர். ஒன்லி த டஸ்ட் இஸ் இன் த கம்ப்யூட்டர்.’ ஃபைல் இருப்பதற்கு ‘ஆன்’. தூசி மட்டும்தான் உள்ளே, அதற்குத்தான் ‘இன்’. கத்திரி இதையும் துண்டு துண்டாக ஒட்டிப் பார்த்திருந்தான்.

“ஒட்டு மேல ஒட்டா வருது. ‘ஒன்லி’ கடைக்காரன் கூவற மாதிரி இருக்கு. ‘டஸ்ட்’ கேள்வி மாதிரி தொங்குது. ‘ஆன்’ல ஒரு அழுத்தம், ‘இன்’ல ஒரு அழுத்தம் வேணும். அறுபது பாடத்துல எங்கயும் நீங்க அப்படி அழுத்திச் சொன்னதே இல்ல. இதை நீங்கதான் சொல்லணும்.”

அவள் உள்ளே போனாள். மின்விசிறி நின்றது. இருபத்துமூன்று தடவை சொன்னாள். சில தடவை ‘ஒன்லி’யில் உடைந்தது, சில தடவை ‘டஸ்ட்’டில். இருபத்துமூன்றாவது தடவை, எதையும் கணீரென்று ஆக்க முயலாமல், பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் சொல்வது போல் தணித்துச் சொன்னாள். முழுசாக வந்தது. கரகரப்போடுதான், ஆனால் முழுசாக.

கத்திரி அதைக் கொஞ்சம் மேலே ஏற்றி, கொஞ்சம் மழுப்பி, கடைசியில் கோத்தான். “முப்பத்தேழுக்குப் பின்னாடி ஒண்ணு. யாரும் கவனிக்க மாட்டாங்க.”

“ரெண்டாம் பாகம்?”

“கையெழுத்தைப் போடுங்க. சளின்னு சொல்லி ரெண்டு மாசம் தள்ளுவோம். அதுக்குள்ள வந்துடும்.”

“வரலேன்னா?”

கத்திரி எழுந்தான். ஹெட்போன் வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டினான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கம்பெனி அம்மா வந்தாள். சின்ன வயதுதான், முப்பத்தைந்துக்குள் இருக்கும், ஆனாலும் எல்லாருக்கும் அவள் கம்பெனி அம்மா. இரண்டாம் பாகத்தின் ஒப்பந்தத்தை ஒரு நீல ஃபைலில் கொண்டுவந்து, தேநீர்க் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். வாத்தியாரும் வந்திருந்தார். பாடத்தின் தாளை மடியில் விரித்து, பென்சிலைச் சீவி, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற தோரணையில் உட்கார்ந்திருந்தார்.

“எப்படி சார், முப்பத்தேழு இடம்?” என்று கம்பெனி அம்மா அவரிடம் கேட்டாள். குரலில் மரியாதை இருந்தது, கோபமும் இருந்தது.

அவருக்குச் சாக்குக்கா பஞ்சம்? டைப் அடித்தவன்மேல் போட்டிருக்கலாம். அவசரப்படுத்திய கம்பெனிமேலேயே போட்டிருக்கலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொன்ன கதை எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

“நம்ம மொழியில நெனச்சு இங்கிலீஷ்ல எழுதிட்டேன்மா. தப்பு என்னோடது” என்றார் வாத்தியார். “அந்தப் பொண்ணுக்கு நானே ஒரு கடிதாசி போட்டுட்டேன்.” சொல்லிவிட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டார். கம்பெனி அம்மா அதற்கு மேல் என்ன சொல்வாள்? அவளும் ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டாள்.

மப்ளரோடு உட்கார்ந்திருந்தவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அறுபத்தெட்டு வயது மனிதர், வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையில் முப்பத்தேழு தப்பு, சொல்ல ஆனது இரண்டு வாக்கியம். அவளுக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.

மின்விசிறியை நிறுத்திப் பாடத்தைப் போட்டார்கள். ஒவ்வொரு ‘ஆன்’ வரும்போதும் வாத்தியார் ஒரு சரி போட்டார். பதினைந்து, இருபது, முப்பது. கம்பெனி அம்மாவின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

“மூணு வருஷம் ஆகியும் குரல் அப்படியே இருக்கே! என்ன சாப்பிடறீங்க?” என்று திரும்பிக் கேட்டாள்.

அவள் சிரித்துவைத்தாள். கத்திரி எழுந்து எதற்கோ ஜன்னலைச் சரிசெய்தான்.

முப்பத்தேழாவது சரி விழுந்தது. கம்பெனி அம்மா நீல ஃபைலைத் திறந்து, மூடி கழற்றிய பேனாவை அவள் பக்கம் நகர்த்தினாள். அவள் பேனாவைக் கையில் எடுத்தாள். ஸ்பீக்கரில் கடைசி வரி வந்தது. யுவர் ஃபைல் இஸ் ஆன் த கம்ப்யூட்டர். ஒன்லி த டஸ்ட் இஸ் இன் த கம்ப்யூட்டர்.

கம்பெனி அம்மா கையைத் தூக்கினாள். “இதை மறுபடி போடுங்க.”

போட்டான்.

“இது வேற யாரோ.”

“இல்ல மேடம், மைக் மாறிப்போச்சு” என்றான் கத்திரி. சட்டையெல்லாம் நனைந்திருந்தது. “அன்னிக்கு வேற மைக்ல எடுத்துட்டேன். தப்பு என்னோடது. நாளைக்கே சரி பண்ணிடறேன்.”

சற்று முன்னால் வாத்தியார் சொன்ன அதே வார்த்தை. ஆனால் வாத்தியார் தன் தப்பைச் சொன்னார். இவன் செய்யாத தப்பை, இவளுக்காகச் சொல்கிறான். ஏழு வருஷம் ஒரு சின்னத் தும்மலைக்கூடத் தவறவிடாத காதுக்காரன், மைக் மாறியது தெரியாத மடையனாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறான். அதை அவளால் தாங்க முடியவில்லை. இன்னும் அறுபது பாடத்துக்கு இவன் இப்படி எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தாள்.

பேனாவை மூடி வைத்தாள். மப்ளரைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். கழுத்தில் தழும்பு தெரிந்தது.

“மைக் எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்றாள்.

அந்த அறையில் அன்று அவள் வாய் திறந்தது அப்போதுதான். கம்பெனி அம்மா திடுக்கிட்டுப் பார்த்தாள்.

“மத்த முப்பத்தேழையும் பேசினவ இப்போ...” என்று தொடங்கினாள். ‘இப்போ’வில் உடைந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். மூச்சை இழுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து சொன்னாள். “இப்போ இல்ல. இந்த ஒரு வரிதான் நான்.”

பிறகு நடந்ததையெல்லாம் சொன்னாள். வெட்டி ஒட்டியது தனக்காகத்தான், அவன்மேல் குற்றம் இல்லை என்பதையும் சொன்னாள். கம்பெனி அம்மா கெட்டவள் இல்லை, முழுசாகக் கேட்டாள். வெட்டி ஒட்டியதில் தப்பில்லை, அதுவும் உங்கள் குரல்தானே என்றாள். உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். அப்புறம் நீல ஃபைலை மூடினாள்.

“பாடத்துக்கு இந்தக் குரல் ஆகாதுங்க. கத்துக்க வர்றவங்களுக்கு ஒவ்வொரு சத்தமும் தெளிவாக் கேக்கணும். உங்களுக்கே தெரியும்.”

“தெரியும்.”

நீல ஃபைல் பைக்குள் போயிற்று. ஜிப்பை இழுத்து மூடினாள். பதினோரு மாதமாக அவள் எதற்குப் பயந்து பயந்து ஒளிந்தாளோ, அது ஒரு ஜிப்பை இழுக்கிற நேரத்தில் நடந்து முடிந்துவிட்டது. வலித்தது. நன்றாகவே வலித்தது. அந்த அறுபது பாடம் இனி வேறு ஒருத்தியின் வாயில் இருக்கும், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் அதைப் பழகுகிற உதடு அவள் குரலுக்கு அசையாது.

“அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துடுங்க” என்றாள் கம்பெனி அம்மா எழுந்துகொண்டே.

“எடுக்கக் கூடாது” என்றார் வாத்தியார்.

“வேற யாரையாவது வெச்சுப் பேச வெச்சுக்கலாம் சார்.”

“வேண்டாம்மா. முப்பத்தேழு தடவை தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கோம். திருத்திச் சொல்றப்போ தொண்டை கொஞ்சம் கரகரன்னுதான் இருக்கும். இருக்கட்டும்.” தாளை எடுத்து, கடைசி வரிக்குப் பக்கத்திலும் ஒரு சரி போட்டார். மற்றதைவிட அது கொஞ்சம் பெரிதாக விழுந்தது.

கம்பெனி அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி, உங்கள் இஷ்டம் என்று சொல்லிப் படியிறங்கினாள்.

கத்திரி பிரேம் கடை வாசல் வரைக்கும் கூடவே வந்தான். கோபமாக இருந்தான். “ரெண்டு மாசம் கேட்டிருக்கலாம்க்கா. வாயுள்ள பிள்ளை பொழைக்கும்னு சொல்வாங்க. நீங்க வாயைத் தொறந்து இருந்த பொழப்பையும் விட்டுட்டீங்க.”

“கேட்டிருக்கலாம்” என்றாள். “பழசை எதையும் அழிச்சுடாதே.”

“நான் எதை அழிச்சிருக்கேன்?” என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் விறுவிறுவென்று மேலே ஏறிப்போனான்.

பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லை. நண்பகல் வெயில். பெஞ்சில் உட்கார்ந்து, போனை எடுத்து, அண்ணனின் எண்ணைத் தட்டினாள். எழுதி அனுப்ப அல்ல, பேச. மணி நெடுநேரம் அடித்தது. வேண்டுமென்றேதான் எடுக்காமல் இருக்கிறார் என்று நினைத்து அவள் வைக்கப்போகும்போது எடுத்தார்.

“சொல்லு” என்றார். பதினோரு மாதக் கோபமும் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

“அண்ணா” என்றாள் அவள்.

 அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற ஓசை.

“யாருங்க பேசறது? இது என் தங்கச்சி போனு. உங்ககிட்ட எப்படி வந்துச்சு?” கோபம் போன இடம் தெரியவில்லை, குரல் நடுங்கியது. “அவளுக்கு என்ன ஆச்சு? எங்க இருக்கா அவ? சொல்லுங்கம்மா, அவளுக்கு ஒண்ணும் இல்லையே?”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். 

“அண்ணா, நான்தான்” என்றாள். “எனக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் பேசறேன்.”

“நீயா?”

“ஆமா.”

“இன்னொரு தடவை சொல்லு.”

சொன்னாள். பாதியில் உடைந்தது. அவள் நிறுத்தவில்லை, மூச்சை வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து ஆரம்பித்தாள். அவள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்று, அவளுக்காகக் கொஞ்சம் பார்த்துவிட்டு, போய்விட்டது.